பிரமோஷனுக்கும் வருமான வரம்பா? சம்பளம் ஏறினால் ஜாதி போய் விடுமா?

"வேலையில் சேரும்போது ஜாதியைப் பார்த்தீர்கள். சரி. பிரமோஷன் கொடுக்கும்போதுமா பார்ப்பது? அதுவும் ஆபீசர் மகனுக்கும் சலுகையா?"

அரசாங்க ஆபீசு கேன்டீன்களில் டீ ஆறிப் போகும் அளவுக்கு அடிபடும் பேச்சு இதுதான்.

தாழ்த்தப்பட்டோருக்கும், மலைஜாதியினருக்கும் பதவி உயர்வில் இடஒதுக்கீடு உண்டு. அவர்களில் வசதியானவர்களை ஒதுக்கி வைக்கலாமா, கூடாதா? இது பற்றி 2018-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு, "ஒதுக்கி வைக்கலாம்" என்றது. 2024-ம் ஆண்டு 4 நீதிபதிகள் "ஒதுக்கத்தான் வேண்டும்" என்றார்கள். 8 நாள் கழித்து மத்திய மந்திரிசபை கூடி, "அப்படி ஒரு வரம்பு கிடையாது" என்று சொல்லி விட்டது.

இடையில் மாட்டிக் கொண்டு முழிப்பவர் பைல் புரட்டும் குமாஸ்தாதான். யாருக்கு லாபம்? யாருக்கு நஷ்டம்? இது பற்றிய விவரம் வருமாறு:-

மூன்று பேர், ஒரு நாற்காலி

உதாரணத்துக்கு ஒரு மத்திய அரசாங்க ஆபீசை எடுத்துக் கொள்வோம். பக்கத்து பக்கத்து மேஜையில் 3 குமாஸ்தாக்கள்.

முதல் ஆள், தாழ்த்தப்பட்ட வகுப்பு. அப்பா சாக்கடை அள்ளியவர். அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டியவர் இவர் ஒருவர்தான்.

இரண்டாவது ஆளும் அதே வகுப்பு. ஆனால் அப்பா பெரிய ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த வீடு, கார் எல்லாம் இருக்கிறது.

மூன்றாவது ஆள், ஒதுக்கீடு இல்லாத வகுப்பு. அப்பா ஓட்டலில் சர்வர். ஆபீசில் இவர்தான் சீனியர். மற்ற இருவரும் இவருக்கு 3 ஆண்டு பின்னால் வந்தவர்கள்.

மேலே ஒரு நாற்காலி காலி. அது தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய இடம். முதல் ஆளை விட இரண்டாவது ஆள் 2 மாதம் சீனியர். ஆகவே நாற்காலி ஆபீசர் மகனுக்குப் போகிறது.

சாக்கடை அள்ளியவர் மகன் பெருமூச்சு விடுகிறார். சர்வர் மகன் பல்லைக் கடிக்கிறார். ஆபீசர் மகனோ, "எனக்கு மட்டும் நிம்மதியா? மேலே போனாலும் 'கோட்டா கேஸ்' என்று முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்களே" என்கிறார்.

இந்த மூன்று பேரும் கற்பனை ஆட்கள்தான். ஆனால் இவர்கள் இல்லாத ஆபீசைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

கேரள குமாஸ்தா போட்ட வழக்கு

இந்தச் சண்டை நேற்று கிளம்பியது அல்ல. 50 ஆண்டுகளுக்கு முன்பே கேரளாவில் பத்திரப் பதிவு இலாகா குமாஸ்தா ஒருவர் கோர்ட்டுக்குப் போனார்.

பிரமோஷன் வேண்டுமானால் இலாகா பரீட்சையில் தேற வேண்டும். தாழ்த்தப்பட்ட, மலைஜாதி குமாஸ்தாக்களுக்கு மட்டும் கேரள அரசாங்கம் கூடுதல் அவகாசம் கொடுத்தது. அவர்கள் பரீட்சை தேறும் முன்பே மேலே போனார்கள். "நான் தேறியும் கீழே கிடக்கிறேனே" என்பது அந்தக் குமாஸ்தாவின் வழக்கு. ஐகோர்ட்டில் அவர் ஜெயித்தார்.

சுப்ரீம் கோர்ட்டில் கதை மாறியது. 1975-ம் ஆண்டு செப்டம்பரில் 7 நீதிபதிகள் கொண்ட பெஞ்சு, "சலுகை செல்லும்" என்று தீர்ப்பு கூறியது. சமம் இல்லாதவர்களை சமமாக நடத்துவது சமத்துவம் ஆகாது என்ற வாதம் அன்று எடுபட்டது.

அந்த பெஞ்சில் இருந்தவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். அவர் சலுகைக்கு ஆதரவாகவே தீர்ப்பு எழுதினார். ஆனால் எழுதும்போதே ஓர் எச்சரிக்கையும் செய்தார். ஒதுக்கீட்டின் பலனை அந்தந்த வகுப்பில் மேலே மிதக்கும் பால் ஏடு போன்ற கூட்டமே எடுத்துக் கொண்டு போய் விடுகிறது, அடியில் இருப்பவன் அடியிலேயே கிடக்கிறான் என்பது அவர் கருத்து.

இன்று எல்லோர் வாயிலும் அடிபடும் "கிரீமி லேயர்" என்ற சொல்லுக்கு அங்கேதான் பிள்ளையார் சுழி.

மண்டல் வழக்கில் நடந்தது

1990-ம் ஆண்டு பிரதமர் வி.பி.சிங், பிற்பட்டோருக்கு மத்திய அரசாங்க வேலையில் 27 சதவீதம் என்று அறிவித்தார். வட நாடு பற்றி எரிந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது.

1992 நவம்பர் 16-ந் தேதி 9 நீதிபதிகள் தீர்ப்பு கூறினார்கள். அதில் முக்கியமானவை 4.

27 சதவீதம் செல்லும். மொத்த ஒதுக்கீடு 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பிற்பட்டோரில் வசதியானவர்களை நீக்க வேண்டும். பதவி உயர்வில் ஒதுக்கீடு கூடாது. இருக்கிற இடத்தில் 5 ஆண்டு மட்டும் நீடிக்கலாம்.

வசதியானவர்களை நீக்குவதை அன்று ஏற்காதவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி ரத்தினவேல் பாண்டியன். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்த வசதி வரம்பு பிற்பட்டோருக்கு மட்டும்தான், தாழ்த்தப்பட்டோருக்கும் மலைஜாதியினருக்கும் இதில் சம்பந்தம் இல்லை என்று அந்தத் தீர்ப்பிலேயே எழுதப்பட்டது.

5 ஆண்டு கெடு முடியும் முன்பே பாராளுமன்றம் குறுக்கே புகுந்தது. 1995-ல் அரசியல் சட்டத்தின் 77-வது திருத்தம் வந்தது. தாழ்த்தப்பட்டோருக்கும் மலைஜாதியினருக்கும் பிரமோஷனில் ஒதுக்கீடு உண்டு என்றது. 2001-ல் 85-வது திருத்தம் வந்தது. ஒதுக்கீட்டில் முன்னால் போனவருக்கு சீனியாரிட்டியும் கூடவே போகும் என்றது.

ஆக மத்திய சர்க்கார் வேலையில் இன்றைய நிலைமை இதுதான்:- பிற்பட்டோருக்கு வருமான வரம்பு உண்டு, பிரமோஷனில் ஒதுக்கீடு இல்லை. தாழ்த்தப்பட்டோருக்கும் மலைஜாதியினருக்கும் பிரமோஷனில் ஒதுக்கீடு உண்டு, வருமான வரம்பு இல்லை.

இந்த இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டலாமா என்பதுதான் சண்டையே.

சபையில் கைகலப்பு

2006 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டின் 5 நீதிபதிகள், திருத்தங்கள் செல்லும் என்றார்கள். ஆனால் ஒரு கொக்கி போட்டார்கள். பின்தங்கிய நிலை, ஆட்கள் குறைவாக இருப்பது ஆகியவற்றுக்குப் புள்ளிவிவரம் காட்ட வேண்டும், நிர்வாகத் திறமையும் கெடக் கூடாது என்றார்கள்.

அந்தக் கொக்கியில் முதலில் மாட்டியது உத்தரபிரதேசம். புள்ளிவிவரம் காட்டவில்லை என்று 2012 ஏப்ரலில் அந்த மாநிலத்தின் பிரமோஷன் ஒதுக்கீடு ரத்து ஆனது. மேலே போனவர்கள் பலரை பின்னர் கீழே இறக்கினார்கள். நேற்று வரை "ஐயா" என்று கூப்பிட்டவன் மேஜைக்குப் பக்கத்திலேயே மறுபடி உட்கார வேண்டிய நிலை.

இதற்கு மாற்றாக ஒரு மசோதா வந்தபோது, 2012 செப்டம்பரில் டெல்லி மேல்சபையிலேயே உறுப்பினர்கள் கைகலந்தார்கள். அதே டிசம்பரில் 206 ஓட்டு ஆதரவு, 10 ஓட்டு எதிர்ப்பு என்று அங்கே நிறைவேறியது. ஆனால் கீழ்சபையில் தேறவில்லை. மசோதா காலாவதி ஆனது.

2018 செப்டம்பர் 26-ந் தேதி இன்னொரு 5 நீதிபதிகள் பெஞ்சு தீர்ப்பு கூறியது. தாழ்த்தப்பட்டோர் பின்தங்கியவர்கள் என்பதற்குத் தனியாகப் புள்ளிவிவரம் வேண்டாம் என்றது. இது அவர்களுக்கு வெற்றி. ஆனால் அதே மூச்சில், அவர்களிலும் வசதியானவர்களை விலக்கும் கொள்கையைக் கோர்ட்டுகள் பிரயோகிக்கலாம் என்றது.

எவ்வளவு ரூபாய்? யாருடைய வருமானம்? எந்தப் பதவி? அந்தத் தீர்ப்பில் கணக்கு இல்லை.

எந்த 8 லட்சம்?

"வருடம் 8 லட்சம்தானே வரம்பு? அதையே இவர்களுக்கும் வைத்தால் போச்சு" என்று பலர் சுலபமாகச் சொல்லி விடுகிறார்கள். ஆனால் அந்த 8 லட்சம் ஒரு வேடிக்கையான 8 லட்சம்.

பிற்பட்டோருக்கு 1993-ல் வைத்த வரம்பு 1 லட்சம். 2004-ல் 2½ லட்சம். 2008-ல் 4½ லட்சம். 2013-ல் 6 லட்சம். 2017-ல் 8 லட்சம்.

இதில் பார்ப்பது வேலைக்கு வருகிறவன் வருமானத்தை அல்ல. அப்பா, அம்மா வருமானத்தை. அதிலும் சம்பளத்தைச் சேர்ப்பது இல்லை. விவசாய வருமானத்தையும் சேர்ப்பது இல்லை. மற்ற வருமானம் தொடர்ந்து 3 ஆண்டு வரம்பைத் தாண்டினால்தான் வெளியே.

அப்படியானால் அரசாங்க உத்தியோகஸ்தர் பிள்ளைக்கு? அங்கே பதவிதான் அளவுகோல். பெற்றோரில் ஒருவர் நேரடியாக 'ஏ' பிரிவு ஆபீசராகச் சேர்ந்திருந்தால் பிள்ளைக்குச் சலுகை இல்லை. இருவரும் 'பி' பிரிவு என்றாலும் இல்லை. அப்பா 40 வயதுக்குள் 'பி'யில் இருந்து 'ஏ'வுக்கு உயர்ந்தாலும் இல்லை. குமாஸ்தா, பியூன் பிள்ளைகளுக்குத் தடை இல்லை.

வேலைக்குச் சேரும்போது இந்தக் கணக்கு ஓடும். பிரமோஷனில் எப்படி ஓடும்? அங்கே கியூவில் நிற்பவனே சம்பளக்காரன் ஆயிற்றே!

சம்பளச் சீட்டைப் பிரித்தால்

அவனுடைய சம்பளத்தையே பார்ப்பது என்று வைத்துக் கொள்வோம். மத்திய அரசாங்கத்தின் 7-வது சம்பளக் கமிஷன் கணக்குப்படி 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 சதவீதம்.

'லெவல் 6'-ல் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாய். அகவிலைப்படி சேர்த்து வருடத்துக்கு 6 லட்சத்து 37 ஆயிரத்து 200 ரூபாய்.

'லெவல் 7'-ல் 44,900 ரூபாய். அகவிலைப்படியோடு வருடத்துக்கு 8 லட்சத்து 8 ஆயிரத்து 200 ரூபாய்.

'லெவல் 10', அதாவது 'ஏ' பிரிவு ஆபீசரின் முதல் படி, 56,100 ரூபாய். வருடத்துக்கு 10 லட்சத்து 9 ஆயிரத்து 800 ரூபாய்.

வீட்டு வாடகைப்படி தனி. அதைச் சேர்க்கவே இல்லை. 'லெவல் 6'-ல் இருப்பவர் 8 இன்கிரிமெண்டு வாங்கினாலே அவர் அடிப்படைச் சம்பளமும் 44,900-ஐத் தொட்டு விடும்.

இதன் அர்த்தம் என்ன? சொந்தச் சம்பளத்தை எண்ணி 8 லட்சத்தில் கோடு போட்டால், ஆபீசர் வாசற்படியில் கால் வைக்கும்போதே கதவு சாத்தப்படும். ஆபீசர் மகனுக்கும் சாத்தப்படும். சாக்கடை அள்ளியவர் மகனுக்கும் சாத்தப்படும். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்து விட்டு, பந்தியில் இலை போடாத கதைதான்.

சரி, சொந்தச் சம்பளம் வேண்டாம். பெற்றோர் வகித்த பதவியைப் பார்ப்போம் என்றால்? இது கொஞ்சம் நியாயமாகப் படுகிறது. ஆபீசர் மகன் நிற்பார், தோட்டி மகன் போவார்.

ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல். கீழ்ப்படியில் போதுமான சர்வீசோடு தோட்டி மகன் இருக்க வேண்டுமே! ஒரு ஆபீசில் அப்படி ஆளே இல்லாவிட்டால் அந்த நாற்காலி காலியாகக் கிடக்கும். காலி இடம் நாளடைவில் கைமாறிப் போய் விடும் என்பதுதான் தாழ்த்தப்பட்ட ஊழியர்களின் பயம்.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 2019-ல் பாராளுமன்றத்தில் தரப்பட்ட கணக்குப்படி, மத்திய சர்க்கார் செயலாளர்கள் 89 பேர். அதில் தாழ்த்தப்பட்டவர் 1. மலைஜாதியினர் 3. பிற்பட்டோர் ஒருவர்கூட இல்லை.

தேர்வு முறையில் தரும் பதவி உயர்வுக்கு 'ஏ' பிரிவின் முதல் படி வரைதான் ஒதுக்கீடு. அதற்கு மேல் இல்லை. "பால் ஏடு, பால் ஏடு என்கிறீர்களே, உச்சியில் பாலே இல்லையே" என்று அவர்கள் கேட்பது இதனால்தான்.

தமிழ்நாடு கண்ட 9 ஆயிரம்

வருமான வரம்பு என்றால் தமிழ்நாட்டில் வயதானவர்களுக்கு உடனே ஞாபகம் வருவது ஒரு தொகை. 9 ஆயிரம் ரூபாய்!

1979 ஜூலையில் முதல்-மந்திரி எம்.ஜி.ஆர். ஓர் உத்தரவு போட்டார். பிற்பட்ட வகுப்பாராக இருந்தாலும், குடும்ப வருமானம் வருடத்துக்கு 9 ஆயிரம் ரூபாய்க்கு மேல் போனால் சலுகை கிடையாது என்றார். ஏழைக்குப் போய்ச் சேரட்டும் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம்.

9 ஆயிரம் என்றால் மாதம் 750 ரூபாய். அடிபட்டது யார்? மாதச் சம்பளக்காரன். அவன் வருமானம் ரூபாய் பைசா சுத்தமாக ரிஜிஸ்தரில் இருக்கிறது. மறைக்க முடியாது. நெல் மூட்டை விற்கிறவனும், மண்டி வைத்திருக்கிறவனும் எவ்வளவு சம்பாதிக்கிறான் என்று யார் எண்ணிப் பார்த்தது?

தி.மு.க.வும் திராவிடர் கழகமும் போராட்டத்தில் குதித்தன. 1980 ஜனவரியில் பாராளுமன்றத் தேர்தல் வந்தது. தமிழ்நாட்டில் உள்ள 39 இடங்களில் அ.தி.மு.க. பிடித்தது 2 தான்.

தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் எம்.ஜி.ஆர். காலம் கடத்தவில்லை. 9 ஆயிரம் ரூபாய் உத்தரவை வாபஸ் வாங்கினார். அதோடு நிற்கவில்லை. பிற்பட்டோருக்கு இருந்த 31 சதவீதத்தை 50 ஆகவும் உயர்த்தினார்.

அன்றோடு தமிழ்நாட்டில் அந்தப் பேச்சு அடங்கியது. மாநிலத்தின் 69 சதவீத ஒதுக்கீட்டுக்கு இங்கே வருமான வரம்பு இல்லை. 1994-ல் அதற்குத் தனிச் சட்டம் போட்டு, அரசியல் சட்டத்தின் 9-வது அட்டவணையிலும் சேர்த்து விட்டார்கள்.

பிரமோஷன் விஷயம் வேறு. வேலையில் சேர்ந்தபோது இருந்த ஜாதி சுழற்சி வரிசையை வைத்தே சீனியாரிட்டி கணக்கிடும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது. அதற்காக 2016-ல் செய்த சட்டப் பிரிவுகளை 2019-ல் சென்னை ஐகோர்ட்டு ரத்து செய்தது. மார்க்கு வரிசைதான் சீனியாரிட்டி என்று ஆனது.

நீதிபதிகள் சொன்னதும், மந்திரிகள் சொன்னதும்

2024 ஆகஸ்டு 1-ந் தேதி 7 நீதிபதிகள் பெஞ்சு இன்னொரு பெரிய தீர்ப்பைக் கூறியது. தாழ்த்தப்பட்டோருக்குள் உள்ஒதுக்கீடு செய்யலாமா என்பதே அந்த வழக்கு. "செய்யலாம்" என்று 6 பேரும், "கூடாது" என்று ஒருவரும் கூறினார்கள்.

அந்தத் தீர்ப்பில்தான் 4 நீதிபதிகள், தாழ்த்தப்பட்டோரிலும் வசதியானவர்களை அடையாளம் கண்டு நீக்க வேண்டும் என்று எழுதினார்கள். அதில் ஒருவர் பி.ஆர்.கவாய். அவரே தாழ்த்தப்பட்ட சமுதாயத்தில் பிறந்தவர். 2025 மே முதல் நவம்பர் வரை தலைமை நீதிபதியாக இருந்தார். அதிகாரி பிள்ளையையும் கிராமத்துக் கூலி பிள்ளையையும் ஒரே தராசில் வைப்பது சமத்துவம் அல்ல என்பது அவர் வாதம். ஆனால் பிற்பட்டோருக்கு வைத்த அதே அளவுகோலைத் தாழ்த்தப்பட்டோருக்கும் வைக்க வேண்டியது இல்லை என்றும் அவர் கூறி இருக்கிறார்.

ஆகஸ்டு 9-ந் தேதி மத்திய மந்திரிசபை கூடியது. அம்பேத்கர் தந்த அரசியல் சட்டத்தில் தாழ்த்தப்பட்டோருக்கு வசதி வரம்பு இல்லை, ஆகவே பழைய நிலையே நீடிக்கும் என்று அறிவித்தது. ஆகஸ்டு 21-ந் தேதி நாட்டின் பல பகுதிகளில் 'பந்த்' நடந்தது.

எதிர்ப்பவர்கள் சொல்வது என்ன? "தீண்டாமை மணிபர்சைப் பார்த்து வரவில்லை. மணிபர்சு கனத்தால் போவதும் இல்லை. ஆபீசர் ஆன பிறகும் வாடகைக்கு வீடு கேட்டால் 'நீங்க என்ன ஆளுங்க?' என்றுதானே கேட்கிறான்?" என்கிறார்கள். இதற்குப் பதில் சொல்வது சுலபம் அல்ல.

வெறும் பணத்தை வைத்துக் கோடு போடக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டும் ஒருமுறை கூறி இருக்கிறது. அரியானாவில் பிற்பட்டோருக்குள் 3 லட்சத்துக்கு உட்பட்டவர்களுக்கே முதலிடம் என்று செய்த ஏற்பாட்டை 2021 ஆகஸ்டில் அது ரத்து செய்தது. சமூக நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றது.

யாருக்கு லாபம்?

மறுபடி அந்த மூன்று குமாஸ்தாக்களிடம் வருவோம்.

வரம்பு வந்தால் தனக்கு நாற்காலி கிடைக்கும் என்று சர்வர் மகன் நினைக்கிறார். அதுதான் இல்லை. வரம்பு வைத்தாலும் ஒதுக்கீட்டு சதவீதம் குறையாது. ஆபீசர் மகன் எழுந்தால், சாக்கடை அள்ளியவர் மகன் உட்காருவார். சர்வர் மகன் நின்ற இடத்திலேயே நிற்பார். சாக்கடை அள்ளியவர் மகனுக்கும் தகுதி வரவில்லை என்று நாற்காலி கைமாறினால் மட்டுமே அவர் முறை வரும்.

ஆகவே இந்த வரம்பு நிஜமாகவே பாதிப்பது மற்ற இரண்டு பேரைத்தான். ஒரே தெருவில் பிறந்த இரண்டு பேரைத்தான்.

சாக்கடை அள்ளியவர் மகனுக்கு 2 மாதத்தில் தவறிய இடம் கிடைக்க வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதற்குப் போடும் கோடு அவர் கழுத்தையே அறுக்கக் கூடாது. சம்பளத்தில் கோடு போட்டால் அறுக்கும். அப்பன் பதவியில் போட்டால், ஆள் இல்லாத இடத்தை என்ன செய்வது என்று முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். அடுத்தவன் கைக்குப் போகாமல் அந்த வகுப்புக்கே அது காத்திருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால், எந்த இலாகாவில் எந்தப் படியில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்கள் அப்பன்மார் என்ன வேலை பார்த்தார்கள் என்ற கணக்கை அரசாங்கம் எடுத்து வெளியே வைக்க வேண்டும். பிரமோஷனுக்குப் புள்ளிவிவரம் கேட்ட கோர்ட்டு, வரம்புக்கும் அதே புள்ளிவிவரத்தைக் கேட்பதுதானே முறை?

1979-ல் கணக்கு எடுக்காமல் போட்ட கோடு 6 மாதம்தான் நின்றது.